வந்து நின்னு சொல்லுங்க

அவரிடம் ஒரு சேதியைச் சொல்லி, "அங்கே சொல்லிவிடுங்கள்" என்று ஒப்படைத்துவிட்டுப் போக எங்கள் ஆஸ்பத்திரியில் யாராலும் முடிந்ததில்லை. முயன்று பார்த்தவர்கள் எல்லோரும் சட்டைக் கை கசங்கித் திரும்பினார்கள். நானும் அதில் ஒருவன். என் நீலச் சட்டையின் இடது கையில் ஒரு பித்தான் போனது அவரால்தான். அதைத் திருப்பித் தைக்க அவர் முன்வரவும் இல்லை.

பாறசாலையிலிருந்து காரோடு என்ற ஊருக்குப் போகும் வழியில் உள்ள சிறிய ஆஸ்பத்திரி அது. கடற்கரைக்காரர்களும் வருவார்கள், வெள்ளறடைப் பக்கத்து ரப்பர்க்காரர்களும் வருவார்கள். அவர் கீழே கவுண்டரில் இருந்தார். ஓ.பி. சீட்டு எழுதுவது, போன் எடுப்பது, வருகிறவர்களுக்கு வழி சொல்வது எல்லாம் அவர் வேலை. நான் மாடியில் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். அவருக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவன், அவருக்குப் பின்னும் அங்கேயே இருக்கிறவன்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "எழுதியா சொன்னீங்க, வந்து நின்னு சொல்லியிருக்கலாமே" என்று கேட்பார். எல்லோருக்கும் அவர் கவுண்டர் சேச்சி, அதாவது கவுண்டர் அக்கா. என்னைவிட வயதில் இளையவர், ஆனாலும் நானும் சேச்சி என்றே கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் யாராயிருந்தாலும் சேச்சிதான்.

அவர் வந்து சேர்ந்த வாரம் என்று நினைவு. மெஷின் ஒன்று தகராறு செய்தது. அதில் ஏற வேண்டிய லாசரண்ணன் கீழே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். கடலில் போய்க்கொண்டிருந்தவர். சிறுநீரகம் பழுதானபின் வாரத்தில் பாதி நாள் எங்களிடம்தான் இருப்பார். நான் மேலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டு, இன்றைக்கு மெஷின் சரியில்லை, நாளைக்கு வரச்சொல்லிவிடுங்கள் என்றேன். பழைய கவுண்டர்க்காரர்கள் "ஆம் சார்" என்று வைத்துவிடுவார்கள். இவர் வைக்கவில்லை.

"சாரே, இறங்கி வாங்க."

எதற்கு என்று கேட்டேன். அவர் இங்கே இருக்கிறார், நீங்களே வந்து நின்று சொல்லுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம். உள்ளே வந்தார், நர்ஸ்கள் பார்த்துக்கொண்டிருக்க என் சட்டைக் கையைப் பிடித்தார், நடந்தார். நானும் நடந்தேன். வேறு வழியில்லை. அந்தப் பிடியை உதறினால் சட்டை கிழியும்.

லாசரண்ணனிடம் என் பாணியில் சொன்னேன். கண்டக்டிவிட்டி நிற்கவில்லை, அலாரம் அடிக்கிறது, சர்வீஸ் ஆள் வரவேண்டும். அவர் பூசையில் நிற்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு மனசிலாச்சா?" என்று சேச்சி கேட்டார்.

"இல்ல மக்கா. சாரு சொன்னா செரியாத்தான் இருக்கும்."

சேச்சி என்னைப் பார்த்தார். சட்டைக் கையை விடவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். மெஷினில் நாங்கள் கலக்கும் தண்ணீரில் உப்பு ஒரே அளவில் நிற்க வேண்டும், இன்று அது ஏறி இறங்குகிறது. லாசரண்ணன் முகம் மாறிற்று. அப்படியானால் இன்று ஏறினால் தனக்கு என்ன செய்யும் என்று கேட்டார். தலை சுற்றும், மயக்கம் வரும், அதற்கு மேலும் ஆகலாம் என்றேன். "அப்பம் நாளைக்கு வாறேன்" என்று எழுந்துவிட்டார். சேச்சி அப்போதுதான் கையை விட்டார்.

பிறகு ஒருநாள் லாசரண்ணனே என்னிடம் சொன்னார். முன்பெல்லாம் இப்படி நாளைக்கு வா என்று கவுண்டரில் சொன்னால், தன் மெஷினைச் செல்வாக்குள்ள யாருக்கோ கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போவாராம். வீட்டில் போய்ச் சோறு உண்ணாமல் படுத்துக்கொள்வாராம். எத்தனை தடவை அப்படிப் படுத்திருப்பாரோ. எனக்குக் கேட்கவே சங்கடமாக இருந்தது.

எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்கு மேலே ஒரு நாடு, கீழே ஒரு நாடு. கீழே இருப்பவர்களுக்கு நாங்கள் ஏசியில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேசுகிறவர்கள். எங்களுக்கு அவர்கள் சீட்டு எழுதுகிறவர்கள், கதவு திறக்கிறவர்கள். ஒருமுறை கீழிருந்து ஒரு சேதி வந்தது. பெரிய மனிதர்கள் சிலர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிறார்கள், அவர்கள் போகும்வரை மேலே அலாரம் அடிக்காமல் பார்த்துக்கொள்ளவும். அலாரத்தை நாங்கள் பொழுதுபோக்குக்கு அடிப்பதாக நினைத்தார்களோ என்னவோ. நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளாண்ட் அறையில், கிணற்றிலோ டாங்கிலோ எங்களைக் கேட்காமல் எதையும் கலக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மெஷின் கம்பெனிக்காரர்கள் ஒட்டியது. இங்கிலீஷில். அந்த அறை எப்போதும் பூட்டியிருக்கும், சாவி எங்கள் மேசையில். எங்களுக்கு நாங்களே படித்துக்காட்டத்தான் அது உதவிற்று.

இந்த இரண்டு நாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு சேச்சி ஒரு சேதியையும் சுமக்கமாட்டேன் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. "எனக்கு இதொண்ணும் அறியாது சாரே. எனக்க வாயில போட்டா அது வேற ஒண்ணு ஆயிப்போவும்." அப்படியானால் கற்றுக்கொள்ளுங்கள், நான் சொல்லித்தருகிறேன் என்று ஒருநாள் பெரிய மனதோடு சொன்னேன். மறுத்துவிட்டார். தான் கற்றுக்கொண்டால் பிறகு எல்லோரும் தன்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள், ஒருவரும் ஒருவரைப் பார்க்க வரமாட்டார்கள் என்றார். எனக்கு அப்போது அது சோம்பேறித்தனமாகப் பட்டது.

அவர் செய்வது இவ்வளவுதான். சொல்ல வேண்டியவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுபோய்க் கேட்க வேண்டியவர் முன்னால் நிறுத்துவார். பெண்களானால் சேலைத் தலைப்பு அல்லது துப்பட்டா நுனி. டாக்டரானால் கோட்டின் கை. பேசுகிறவரை அவர் பார்க்கமாட்டார், கேட்கிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்கிறவர் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்காதவரை சட்டைக் கை அவர் பிடியில்தான். தலையாட்டினால் போதாது, "செரி" என்றால் போதாது. "அவரு ஒண்ணும் கேக்கல்ல. அப்பம் ஒண்ணும் ஏறல்ல. இன்னொருக்கச் சொல்லுங்க" என்பார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நர்ஸ்கள் கேட்டபோது, தன் கல்யாணத்திலிருந்து என்றார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்று தரகர் வந்து சொன்னாராம். இவர்களுடைய வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணமான பிறகு பார்த்தால் அவர் கரையில் நிற்கும் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். தரகரையும் குறை சொல்ல முடியாது, மாப்பிள்ளையின் மாமா அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். மாமாவிடம் கேட்டால் மாப்பிள்ளையின் அம்மாவைக் கைகாட்டினார். "அவரு நல்ல மனுசனாக்கும். முன்னால வந்து நின்னு பெயின்ட் அடிக்கேன்னு சொல்லியிருந்தாலும் நான் கெட்டியிருப்பேன்" என்று சேச்சி சிரித்தார். கப்பலில் அவர் எந்த ஊருக்குப் போவார், என்ன கொண்டுவருவார் என்றெல்லாம் தான் நினைத்துவைத்திருந்த ஆறு மாதக் கனவுதான் வீணாயிற்றாம்.

சிரிக்கச் சிரிக்கச் சொன்னாரே ஒழிய, அவரால் ஆஸ்பத்திரிக்குத் தொல்லைகளும் இருந்தன. அதையும் சொல்ல வேண்டும். அவர் யாரையாவது இழுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருக்கும் நேரத்தில் கீழே போன் அடித்து ஓயும். சீட்டு வாங்க நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். கோட்டின் கையைப் பிடித்ததில் ஒரு டாக்டருக்கு மகா கோபம். புகார்கள் மேனேஜரிடம் போய்ச் சேர்ந்தன. மேனேஜர் சுகுமாரன் சார் வெள்ளைச் சட்டைக்காரர், கட்டுப்பாட்டுக்காரர். இளைப்பு உண்டு அவருக்கு, அதனால் படி ஏறமாட்டார். பல வருடங்களாக அந்தக் கட்டடத்தை நடத்துகிறவர், டயாலிசிஸ் பிரிவின் உள்ளே வந்ததில்லை. அவருடைய உத்தரவுகள் மட்டும் வரும், யாராவது ஒருவர் வாயில் ஏறி.

அடுத்த மாதம் முதல் சேச்சி பின்பக்கத்து ஸ்டோரில் இருக்கட்டும், கவுண்டருக்கு வேறு ஆள் போடலாம் என்று அவர் முடிவுசெய்தார். அதுவும் சேச்சிக்கு நேராகச் சொல்லப்படவில்லை. ஊரெல்லாம் தெரிந்து கடைசியில் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவர் முகம் வாடிப் பார்த்தேன். "ஸ்டோருல நான் ஆரைக் கூட்டிட்டு ஆருகிட்டப் போவேன் சாரே? மருந்துப் பெட்டியையா?" என்று கேட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இனி சட்டை கசங்காது என்ற நிம்மதியும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அந்த மாதம் முடியுமுன் வந்தது நான் சொல்லவந்த நாள்.

ஐப்பசியில் வரும் துலாமழை பெய்து ஓய்ந்திருந்தது. மழை விட்டால் எங்கள் பக்கத்தில் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். பஞ்சாயத்திலிருந்து வார்டு வார்டாக ஆள் வரும், வீட்டுக்காரர்களும் வாளியும் கயிறுமாக நிற்பார்கள். நல்ல பழக்கம்தான், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அதனால் எவ்வளவோ குறைந்திருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரிக் கிணற்றுத் தண்ணீரும் கலங்கியிருந்தது. அதைப் பற்றி மாடியில் எனக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் வழக்கம்போலத் தண்ணீரைச் சோதித்தேன், சுத்தமாக இருந்தது. நான்கு பேரை மெஷினில் ஏற்றினேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் லாசரண்ணன். முந்தின வாரம் மகன் பிடித்துவந்த நெய்மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு துண்டுதான் அனுமதி. அந்தத் துண்டைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்.

அப்போது படியில் சத்தம் கேட்டது. ஒன்று செருப்புச் சத்தம், பழகியது. கூடவே ஷூ சத்தமும், ஒவ்வொரு படிக்கும் நின்று வாங்கும் மூச்சும். கதவைத் திறந்துகொண்டு சேச்சி வந்தார். அவர் கையில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை. அதன் மறுமுனையில் சுகுமாரன் சார், முகமெல்லாம் சிவந்து.

கீழே நடந்ததைப் பிறகு கேட்டு அறிந்தேன். மேனேஜர் கவுண்டர் பக்கமாக வந்து, மேலே டயாலிசிஸில் சொல்லிவிடு, ரெண்டு நாள் வெள்ளத்தில் (தண்ணீரைத்தான் அப்படிச் சொல்வோம்) மணம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். ஓ.பி. வரிசை வாசல்வரை நின்றிருந்த நேரம். வேறு யாராயிருந்தாலும் கூட்டம் ஒழிந்தபின் இன்டர்காமில் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். நானும் சரி என்று வைத்திருப்பேன். மழைக்காலத்தில் தண்ணீர் மணப்பது புதிதா? சேச்சி எழுந்து, தன்னை ஸ்டோருக்கு அனுப்ப முடிவுசெய்தவரின் சட்டைக் கையையே பிடித்துவிட்டார்.

"சொல்லுங்க சாரே" என்றார்.

மேனேஜருக்கு முதலில் மூச்சுதான் வந்தது. பிறகு எரிச்சலோடு சொன்னார். "ஒண்ணுமில்ல. கெணத்துல பவுடர் போட்டாச்சு. ரெண்டு நாளு வெள்ளத்துக்கு மணம் உண்டும். இதச் சொல்லத்தான் என்னை மாடி ஏத்திக் கொண்டுவந்திருக்கா."

எப்போது போட்டது என்று கேட்டேன். இப்போதுதான் என்றார். எவ்வளவு என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக் கெணறாக்கும். வந்தவன் அளவு சொன்னான். நான் அதுக்கு மேல கூட்டியே போடச் சொன்னேன்."

அதில் ஒரு பெருமைகூட இருந்தது அவர் குரலில். மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டேன். மணம் போகட்டும் என்று மோட்டாரைப் போட்டுவிட்டிருக்கிறது, மேல் டாங்க் நிறைந்துகொண்டிருக்கிறது என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த டாங்கிலிருந்துதான் எங்கள் பிளாண்டுக்குத் தண்ணீர் வருகிறது. அங்கே சுத்தமாகி, மெஷினுக்குப் போய், மெல்லிய ஒரு சவ்வுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நோயாளியின் ரத்தம் என்று ஓடுகிறது. பவுடர் கலந்த தண்ணீரைக் குடித்தால் வயிறு தாங்கிக்கொள்ளும். ரத்தம் தாங்காது, அணுக்கள் உடைந்துபோகும். பிளாண்டில் கரி நிரப்பிய உருளை ஒன்று உண்டு, பவுடரிலிருந்து சாதாரண அளவில் வருகிற குளோரினை அது பிடித்துக்கொள்ளும். கூட்டிப் போட்டதை எத்தனை நேரம் பிடித்துவைக்கும் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

நான்கு மெஷினையும் பைபாஸில் போட்டேன். அப்படிப் போட்டால் ரத்தம் சுற்றிக்கொண்டிருக்கும், நம் தண்ணீர் அதன் பக்கம் போகாது. நர்ஸிடம் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் பிளாண்ட் அறைக்கு ஓடினேன். பிளாண்டை நிறுத்திவிட்டு மூன்று குழாயிலும் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் சிவக்கும் மருந்தை விட்டேன். டாங்கிலிருந்து வந்தது நல்ல ரோஜா நிறமாயிற்று. கரியைத் தாண்டி வந்தது நிறமே மாறக்கூடாது, அதில் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது. கரி கைவிட ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது குழாய், மெஷினுக்குப் போகிற தண்ணீர். மருந்தை விட்டுவிட்டு அந்தக் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறம் மாறவில்லை. திரும்பவும் பிடித்துத் திரும்பவும் பார்த்தேன். குளோரின் மெஷின்வரை வந்து சேரவில்லை, நிறம் மாறவில்லை. "தெய்வமே" என்று வாய்விட்டுச் சொல்லி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அத்தனை ஆறுதலாக நான் எதையும் பார்த்ததில்லை, நிறமில்லாத அந்தத் தண்ணீரைப் போல.

எழுந்து போய் டாக்டரும் நர்ஸுமாகச் சேர்ந்து நான்கு பேரையும் மெஷினிலிருந்து பத்திரமாக இறக்கினோம். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு உறுதியாயிற்று. மறுநாள் வெளியிலிருந்து தண்ணீர் வரவழைத்து, சோதித்து, விட்ட மிச்ச டயாலிசிஸைச் செய்து முடித்தோம்.

அன்று நாங்கள் நால்வரையும் இறக்கி முடிக்கும்வரை மேனேஜர் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. சேச்சியும் அவருடைய சட்டைக் கையை விடவில்லை. வேலை முடிந்து அவர் பக்கம் வந்ததும் எனக்கு அடக்கிவைத்திருந்த கோபமெல்லாம் பொங்கிற்று. புத்தி இருக்கிறதா சார் என்று ஆரம்பித்தேன்.

"ஏச வேண்டாம் சாரே. சொல்லுங்க" என்றார் சேச்சி.

கோபத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன். டாங்க், பிளாண்ட், சவ்வு, ரத்தம் எல்லாம். லாசரண்ணனின் கையைக் காட்டி, இந்தக் குழாயில் சிவப்பாக ஓடியதே, அதன் பக்கத்தில் வருவது உங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் என்றேன். மேனேஜர் கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பல வருடங்களில் அன்றுதான் அவர் அவற்றைப் பார்க்கிறார்.

"அப்பம் இந்த நாலு பேருக்கும் நானாக்குமா..." என்று கேட்டு நிறுத்தினார்.

சேச்சி கையை விட்டார். மேனேஜர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். லாசரண்ணன்தான் பேசினார். "சாரு கொஞ்சம் இரியும். இளைப்பு மாறட்டு. நாங்க நாலு பேரும் இஞ்சதான் உண்டு."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சேச்சி என் பக்கம் திரும்பினார். நீங்கள் கிணற்றைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் அந்தத் தண்ணீரை மூன்று குழாயில் சோதிக்கிறவன், அது எங்கிருந்து வருகிறது என்று எட்டிப்பார்த்ததில்லை. சட்டைக் கை போயிற்று, நானும் போனேன்.

துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால், பலாமரத்தடியில் இருந்தது கிணறு. மோட்டார் பார்க்கும் செல்லப்பன் கரையில் குந்தியிருந்தார். மேனேஜர் சொன்னபடி செய்தவர், அவர்மேல் தப்பில்லை. மேலே இருக்கிற மெஷினுக்கு இந்தத் தண்ணீர்தான் போகிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அது கேனில் அல்லவா வருகிறது என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. டயாலிசிஸுக்குக் கலக்கும் மருந்துக் கரைசல் நீலக் கேன்களில் வண்டியில் வந்து இறங்கும், அதைச் சுமந்து மாடியில் கொண்டுபோய் வைப்பதும் செல்லப்பன்தான். கனமான கேன், உள்ளே தண்ணீர்போல ஒன்று. பெரிய மெஷினுக்குக் கம்பெனித் தண்ணீர் கேனில் வருகிறது, கிணற்றுத் தண்ணீர் கக்கூசுக்கும் சமையலுக்கும் என்று இத்தனை வருடமும் அவர் நினைத்திருந்தார். ஏன் நினைக்கமாட்டார்? கேனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னவர்கள் நாங்கள்தானே.

அவரையும் சேச்சி மேலே கூட்டிவந்தார். செல்லப்பன் சட்டை போடாதவர், தோளில் கிடந்த துண்டின் நுனிதான் பிடிக்கக் கிடைத்தது. கட்டில்களின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று நெடுநேரம் பார்த்தார். "நான் மோட்டார் போட்டாத்தான் இவியளுக்கு இது நடக்குமா சாரே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பிறகு கிணற்றில் ஒரு சருகு விழுந்தால்கூட வந்து சொல்லிவிட்டுப் போவார். சில நாட்களில் எனக்கு அலுப்பாகவே இருக்கும், ஆனாலும் அவர் வரும் சத்தம் கேட்டால் மனசுக்கு ஒரு தெம்பு.

ஸ்டோர் விஷயம் என்ன ஆயிற்று என்று சொல்லாவிட்டால் கதை குறைபடும். இரண்டு நாள் கழித்து மேனேஜர் ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, கவுண்டர் சேச்சியிடம் சொல்லிவிடு, அவர் அங்கேயே இருக்கட்டும் என்றார். நர்ஸ் சந்தோஷமாக வந்து சொன்னாள். சேச்சி அவளுடைய துப்பட்டா நுனியைப் பிடித்து நேராக மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். "இவ என்னமோ சொல்லுதா. நீங்க சொல்லுங்க சாரே." மேனேஜர் எழுந்து நின்று சொன்னாராம். நீங்கள் கவுண்டரிலேயே இருக்க வேண்டும், போகக் கூடாது என்று. சேச்சி ஒரு கேள்வி கேட்டார். நான் மாடிக்குப் போகிற நேரம் போனை யார் எடுப்பார்? நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து அந்த நேரத்துக்கு மருந்துக் கடைப் பையன் எடுத்தான்.

அதன்பின் சில வருடங்கள் இருந்தார். கணவருக்குக் கொச்சியில் நிலையான வேலை கிடைத்தது, கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைதான். பிள்ளைகளோடு அங்கே போய்விட்டார். போகிற அன்று மேலே வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, போய்வருகிறேன் என்று சொன்னார். யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. லாசரண்ணன் மட்டும் "எப்பம் வருவா?" என்று கேட்டார். அவர் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

இப்போது கவுண்டரில் இருக்கும் பெண் தங்கமானவள். என்ன சொன்னாலும் "சொல்லிடுதேன் சார்" என்பாள். எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ, ஒருநாள் ஏதோ ஒரு சேதி பாதி வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் போகவில்லை. போன மாதம்வரை.

போன மாதம் ஒருநாள் காலை, கட்டில்கள் நிறைந்திருந்தன. லாசரண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். படியில் சத்தம் கேட்டது. ஒருவர் சத்தமில்லை, இருவருடையது. லாசரண்ணன் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"மக்கா, வந்தியா? ஆரைக் கூட்டிட்டு வந்திருக்க?"

"நான்தான் அண்ணே" என்றது மூச்சு வாங்கும் குரல்.

கதவில் சுகுமாரன் சார் நின்றிருந்தார். அவர் கையில் ஒரு சட்டைக் கை இருந்தது. டாங்க் கழுவ வந்த ஆளாம், நெய்யாற்றின்கரைக்காரன், சுற்றிலும் பார்த்து மிரண்டுபோய் நின்றான். மேனேஜர் அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, டாங்கில் எதையோ ஊற்றிக் கழுவப்போவதாகத் தன்னிடம் சொன்னான், தான் அந்தச் சேதியை வாங்கிக்கொள்ளாமல் ஆளையே கூட்டிவந்ததாகச் சொன்னார். "வந்து நின்னு சாருகிட்டச் சொல்லு மக்கா."

அவன் மருந்தின் பெயரைச் சொன்னான். நான் அது கூடாது என்றும், ஏன் கூடாது என்றும், எந்த நாளில் எப்படிக் கழுவ வேண்டும் என்றும் சொன்னேன். அவன் தலையாட்டினான். மேனேஜர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவன் லாசரண்ணனின் கையிலிருந்து போகும் சிவப்புக் குழாயைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான்.

"அந்த டாங்கு வெள்ளமா சாரே இதுக்குள்ள வருது?" என்று கேட்டான்.

மேனேஜர் சட்டைக் கையை விட்டார்.